குடிநீர்ப் பதிவேடும் நிறக்குறிகளும்

நிறத்தைப் பார்த்துத் தரத்தை அறிவது விவசாயப் பெருமக்களுக்குப் புதிய செய்தியன்று. விதை மூட்டையை வாங்கும்போது அதன் வாயில் தைத்துள்ள சீட்டை முதலில் நோக்குகிறோம். சீட்டு பொன்மஞ்சளாயின் அது வல்லுநர் விதை. வெண்மையாயின் ஆதார விதை. நீலமாயின் சான்று விதை. பூச்சிமருந்துக் குப்பியின் மேலும் சாய்சதுர அடையாளம் ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் மருந்து மிகக் கொடிய நஞ்சு என்று பொருள். மஞ்சள், நீலம், பச்சை என வரவர நஞ்சின் கடுமை குறைகிறது. எழுத்தறியாதவருக்கும் இவ்வடையாளங்கள் உதவுகின்றன.

ஆயினும் விதைச் சீட்டில் நிறம் மட்டுமா இருக்கிறது? பயிரின் பெயர், இரகம், குவியல் எண், பரிசோதனை செய்த நாள், எந்நாள்வரை செல்லும் என்னும் விவரம் ஆகியவை அதில் அச்சிடப்பட்டுள்ளன. நிறம் நம் கண்ணை அழைக்கிறது. எழுத்து காரணத்தைச் சொல்கிறது. முளைப்பு சரியில்லை என்று முறையிடச் செல்லும் விவசாயிக்குக் கைகொடுப்பது சீட்டின் நிறமன்று, அதிலுள்ள எழுத்தே ஆகும்.

இவ்வழக்கம் இப்பொழுது ஊராட்சி அலுவலகக் கணினிக்கும் வந்துவிட்டது. பதிவேடுகளைக் கணினியில் விரிதாளாக வைத்துள்ள ஊராட்சிகளில், கவனிக்க வேண்டிய கட்டங்களுக்குச் சிவப்பும் முடிந்தவற்றுக்குப் பச்சையும் பூசுவது பெருவழக்காகியுள்ளது. பூசிய நிறங்களைக் கொண்டு வேண்டியவற்றை மட்டும் வடித்தெடுக்கவும், முக்கியமானவற்றை மேலே கொணர்ந்து வரிசைப்படுத்தவும் கணினிக்கு இயலும். இதை எவ்வாறு செய்வது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் குடிநீர்ப் பதிவேடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்க விரும்புகிறோம். பதிவேட்டைக் கையாளுவது ஊராட்சிச் செயலரின் வேலையாயினும், அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உறுப்பினர்களின் உரிமையும் கடமையும் ஆதலால், இதன் நுட்பத்தை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

தொரப்பள்ளியும் அதன் சுற்றுப்புறமும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, மூதறிஞர் இராஜாஜி 1878ஆம் ஆண்டில் பிறந்த ஊர். அவருடைய தந்தையார் அவ்வூரின் முன்சீபாக இருந்தவர். முன்சீபும் கர்ணமும் கிராமத்தின் பொறுப்பைச் சுமந்த காலத்தில் ஊரும் சிறிது, கணக்கும் சிறிது. இன்று ஓசூர் வட்டாரத்தின் தோற்றமே வேறாகிவிட்டது. ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டைகள். மறுபுறம் ரோஜா வளரும் பசுமைக்குடில்கள், தக்காளி, முட்டைகோசுத் தோட்டங்கள். தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தோருக்காக வாடகை வீடுகள் எழுகின்றன. புதிய குடியிருப்புகள் தோன்றுகின்றன. அவ்வொவ்வொன்றுக்கும் தண்ணீர் வேண்டும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகளும் பெருகுகின்றன.

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கும் எல்லைப்புறம் இது. ஒரே குக்கிராமத்தின் பெயரை ஒருவர் ‘பள்ளி’ என்று முடித்தெழுதுவார். மற்றொருவர் ‘ஹள்ளி’ என்று முடித்தெழுதுவார். படிக்கும் நமக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை இரண்டு ஊர்கள். ஊர்ப்பெயரைக் கொண்டு தேடினால் பாதிக் கிணறுகளே அகப்படும். பலர் கையால் எழுதப்பட்ட இத்தகைய பதிவேடுகளில் நிறக்குறி மிகவும் சௌகரியமாக அமைகிறது. பெயரை எப்படி எழுதியிருந்தாலும், சிவப்பு சிவப்பாகவே நிற்கும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடிநீர்ப் பதிவேட்டுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இப்பகுதியின் பாறைகளில் ஃபுளோரைடு என்னும் உப்பு கலந்துள்ளது. நிலத்தடி நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடுவதால் அவ்வுப்பு நீரில் கரைகிறது. அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு கலந்த நீரைப் பருகி வளரும் குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். ஆண்டுக்கணக்கில் மிகுதியாகப் பருகினால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். அந்நீருக்கு நிறமோ, மணமோ, தனிச் சுவையோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு நீங்காது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இக்கேட்டினைத் தணிக்கவே, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் காவிரி நீர் இரு மாவட்டங்களுக்கும் வழங்கத் தொடங்கப்பட்டது. எனினும் குழாய் உடைந்த நாளிலும், மின்சாரம் இல்லாத நாளிலும் மக்கள் பழைய கைப்பம்பையும் ஆழ்துளைக் கிணற்றையுமே நாடுவர். அந்நாளில் எந்தக் கிணற்று நீரைப் பருகலாம், எதைப் பருகலாகாது என்று சொல்ல வேண்டியது பதிவேடேயாகும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் நீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் குடிக்கலாகாது. இவ்விரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே கூறப்போவது எளிதில் விளங்கும்.

பதிவேட்டை அமைக்கும் முறை

விரிதாளில் படுக்கையாகச் செல்வதை வரிசை எனவும், மேலிருந்து கீழாக வருவதைக் கலம் எனவும், இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கட்டம் எனவும் இங்கே குறிப்பிடுவோம். ஒரு நீர் ஆதாரத்திற்கு ஒரு வரிசை. கலங்கள் ஏழு போதும்: தொடர் எண், குக்கிராமம், ஆதாரத்தின் வகையும் இருப்பிடமும், ஆய்வு நாள், ஃபுளோரைடு அளவு, நிலை, எடுத்த நடவடிக்கை.

சில விதிகளைத் தொடக்கத்திலேயே கைக்கொள்ள வேண்டும். தலைப்பு ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அழகுக்காகப் பல கட்டங்களை ஒன்றாக இணைக்கக் கூடாது. இணைத்தால் வரிசைப்படுத்துவதற்குக் கணினி மறுக்கும். நடுவில் வெற்று வரிசை விடக் கூடாது. விட்டால் பதிவேடு அவ்விடத்தோடு முடிந்ததாகக் கணினி கருதிவிடக்கூடும். அளவுக் கலத்தில் எண்ணை மட்டும் எழுத வேண்டும். ‘0.6 மி.கி.’ என்று எழுதினால் அது கணினிக்கு எண்ணன்று, சொல்லாகிவிடும். எக்ஸெல் விரிதாளில் எந்தச் சொல்லும் எந்த எண்ணையும் விடப் பெரியதாகக் கொள்ளப்படுவதால், நல்ல நீரும் சிவப்பில் போய் விழும். மில்லிகிராம் என்பதைத் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதுமானது.

அளவு எங்கிருந்து கிடைக்கிறது? 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தில், கிராமத்திற்கு ஐவர் வீதம், இயன்றவரை பெண்களாகவே தேர்ந்து, கள ஆய்வுப் பெட்டியைக் கொண்டு நீரைச் சோதிக்கப் பயிற்சி தர வழி செய்யப்பட்டது. சிறு குழாயில் நீரை எடுத்து மருந்துத் துளிகளை விட்டால் நீரின் நிறம் மாறும். அந்நிறத்தைப் பெட்டியிலுள்ள அட்டையின் நிறங்களோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். இது முதற்கட்டச் சோதனை. ஐயத்துக்குரிய நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திற்கு அனுப்பி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வெறுங்கட்டம் பச்சையாகிவிடும்

இனி நிறத்திற்கு வருவோம். கையால் ஒவ்வொரு கட்டமாக நிறம் பூசுவதை விட, எண்ணைப் பார்த்துக் கணினியே நிறம் ஏற்றுமாறு கட்டளையிடுவது மேல். எக்ஸெல்லில் ‘ஹோம்’ பகுதியில் ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ என்னும் வசதி இதற்காகவே உள்ளது. 1.5க்கு மேற்பட்டால் சிவப்பு, 1க்கு மேல் 1.5 வரை மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை என்று மூன்று விதிகளை இட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் எண்ணுவர். இங்கேதான் பெரிய அபாயம் மறைந்துள்ளது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் ஊராட்சியில் 24 நீர் ஆதாரங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். (முறையை விளக்குதற்காக மட்டும் வைத்துக்கொண்ட எண்கள் இவை, எந்த ஊரின் நீரையும் பற்றிய கூற்று அன்று.) அவற்றுள் 3 ஆதாரங்களில் ஃபுளோரைடு 1.5க்கு மேல், 5இல் 1க்கும் 1.5க்கும் இடையே, 12இல் 1க்குள். எஞ்சிய 4 ஆதாரங்கள் இன்னும் சோதிக்கப்படவில்லை. அவற்றின் அளவுக் கட்டம் காலியாக உள்ளது. மேற்கூறிய மூன்று விதிகளை இட்டதும் திரையில் தோன்றுவது யாது? சிவப்பு 3, மஞ்சள் 5, பச்சை 16! காலிக் கட்டத்தைக் கணினி சுழியாக எண்ணுகிறது. சுழி 1ஐ விடக் குறைவு. ஆகவே பச்சை ஏறிவிடுகிறது. ஒருமுறைகூடச் சோதிக்கப்படாத நான்கு கிணறுகள் நல்ல நீர்க் கிணறுகளின் பட்டியலில் அமர்ந்துவிடுகின்றன. பச்சையை வடித்தெடுத்துக் கிராம சபையில் படித்தால், எவரும் ஆராயாத நீரைப் ‘பருகலாம்’ என்று ஊராட்சியே சான்று கூறியதாகும்.

இதற்கு மாற்று, விதைச் சீட்டு நமக்குக் கற்பிப்பதுதான். முதலில் எழுத்து, பிறகு நிறம். அளவுக் கலத்தில் நிறம் ஏற்றாமல், ‘நிலை’ என்னும் கலத்தில் நான்கு சொற்களில் ஒன்றை நிரப்ப வேண்டும்: ‘தகாதது’, ‘எச்சரிக்கை’, ‘தகுந்தது’, ‘சோதிக்கவில்லை’. கையால் நிரப்பலாம், அல்லது ‘இஃப்’ என்னும் சூத்திரத்தை இட்டுக் கணினியையே நிரப்பச் சொல்லலாம். சூத்திரமாயின், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘கட்டம் காலியா?’ என்பதே. காலியாயின் ‘சோதிக்கவில்லை’. அல்லவெனில் 1.5க்கு மேலா என்று கேட்டு ‘தகாதது’. 1க்கு மேலா என்று கேட்டு ‘எச்சரிக்கை’. எதுவும் இல்லையெனில் ‘தகுந்தது’. கேள்விகளின் வரிசை மாறலாகாது.

பின்னர் நிலைக் கலத்தைத் தேர்ந்து, ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’, ‘ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்’, ‘ஈக்வல் டு’ என்று சென்று, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். தகாததற்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள், தகுந்ததற்குப் பச்சை, சோதிக்காததற்குச் சாம்பல். இப்பொழுது நான்கு கிணறுகளும் தம் உண்மை நிறத்தோடு நிற்கும். பின்னர் ஆய்வு முடிவு வந்து அளவை எழுதியதும் சொல்லும் மாறும். நிறமும் தானே மாறும்.

வடித்தெடுத்தல்

தனியாள் கணினிக்கான முதல் விரிதாள் 1979இல் வெளிவந்தது. ஆனால் நிறத்தைக் கொண்டு வடிகட்டவும் வரிசைப்படுத்தவும் நேரடி வசதி எக்ஸெல்லில் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. இணையவழி வழங்கும் கூகுள் ஷீட்ஸில் 2020இல் வந்தது.

வடித்தெடுக்கும் முறை இது. பதிவேட்டிற்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் சுட்டியை வைத்து, ‘டேட்டா’ பகுதியில் ‘ஃபில்டர்’ என்பதை அழுத்தினால், தலைப்பு ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிறு அம்புக்குறி தோன்றும். நிலைக் கலத்தின் அம்புக்குறியை அழுத்தி, ‘ஃபில்டர் பை கலர்’ என்பதைத் தேர்ந்தால், அக்கலத்தில் உள்ள நிறங்கள் வரிசையாகத் தெரியும். சிவப்பைத் தொட்டால் சிவப்புக்குரிய மூன்று வரிசைகள் மட்டும் திரையில் நிற்கும்; ஏனைய 21 வரிசைகளும் மறையும். மறைந்தவை அழிந்தவையல்ல. ‘கிளியர் ஃபில்டர்’ என்றால் யாவும் மீண்டும் வரும்.

இங்கே மூன்று செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று: எக்ஸெல்லில் ஒரு கலத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தையே வடிக்கலாம். சிவப்பும் சாம்பலும் சேர்ந்து வேண்டுமாயின் நிறத்தால் இயலாது, சொல்லால் இயலும். நிலைக் கலத்தில் ‘தகாதது’, ‘சோதிக்கவில்லை’ என்னும் இரண்டையும் குறியிட்டால் ஏழு வரிசைகள் ஒருங்கே வந்து நிற்கும். நிறத்திற்குக் கீழே சொல் இருப்பதன் முதற்பயன் இது.

இரண்டு: வடித்த நிலையில் ஓர் அளவைத் திருத்தினால் நிறம் மாறும், ஆனால் அவ்வரிசை தானே மறைவதில்லை. ‘ரீஅப்ளை’ என்பதை அழுத்திய பிறகே பட்டியல் புதுப்பிக்கப்படும்.

மூன்று: வடித்த பட்டியலை அப்படியே பிறருக்கு அனுப்பினால் மறைந்த வரிசைகளும் கூடவே செல்கின்றன. மேலைநாட்டில் நடந்த ஒரு செய்தி இதற்குச் சான்று. 2008இல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் நொடித்தபோது, அதன் சொத்துகளை வாங்க முன்வந்த பார்க்ளேஸ் வங்கியின் பொருட்டு ஒப்பந்தங்களின் விரிதாள் ஒன்று தயாராயிற்று. வேண்டாத 179 ஒப்பந்தங்களை நீக்காமல் மறைத்து வைத்திருந்தனர். தாளை வேறு வடிவத்திற்கு மாற்றியபோது மறைந்திருந்தவை வெளிப்பட்டு, வாங்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பின்னர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. ஊராட்சிப் பதிவேட்டில் பயனாளிகளின் ஆதார் எண்ணும் தொலைபேசி எண்ணும் இருக்குமாயின், அவற்றை மறைத்து அனுப்புவது காப்பாகாது. தெரியும் வரிசைகளிலும் வேண்டிய கலங்களை மட்டும் நகலெடுத்துப் புதிய தாளில் இட்டு, அதையே அனுப்ப வேண்டும்.

வரிசைப்படுத்தல்

வடித்தல் சிலவற்றைக் காட்டிச் சிலவற்றை மறைக்கும். வரிசைப்படுத்தலோ எதையும் மறைக்காமல் முக்கியமானவற்றை மேலே கொணரும். கூட்டத்தில் முழுப் பதிவேட்டையும் வைக்கும்போது இதுவே தக்கது.

‘டேட்டா’ பகுதியில் ‘சார்ட்’ என்பதை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். ‘மை டேட்டா ஹேஸ் ஹெடர்ஸ்’ என்பதற்குக் குறியிட வேண்டும்; இல்லையேல் தலைப்பும் கிணறுகளோடு கலந்துவிடும். கலமாக ‘நிலை’யைத் தேர்ந்து, ‘சார்ட் ஆன்’ என்பதில் ‘செல் கலர்’ என்று கொடுத்து, சிவப்பைத் தேர்ந்து ‘ஆன் டாப்’ என்று வைக்க வேண்டும். எண்களுக்கு ஏறுமுகம், இறங்குமுகம் உண்டு; எழுத்துகளுக்கு அகரவரிசை உண்டு. நிறங்களுக்கு அத்தகைய இயற்கை வரிசை எதுவும் கணினியில் இல்லை. எந்நிறம் முன், எந்நிறம் பின் என்பதை நாமே சொல்ல வேண்டும். ‘ஆட் லெவல்’ என்பதை அழுத்தி இரண்டாவதாகச் சாம்பல், மூன்றாவதாக மஞ்சள், நான்காவதாகப் பச்சை எனச் சேர்க்கலாம். ஐந்தாவதாகக் குக்கிராமத்தின் பெயரைச் சேர்த்தால், ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் ஊர்கள் அகரவரிசையில் அமையும்.

சாம்பலை மஞ்சளுக்கு முன் வைத்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சளின் அளவு நமக்குத் தெரியும். சாம்பலில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத நீர், தெரிந்த எச்சரிக்கையை விட முன்னதாகக் கவனிக்கத் தக்கது. எந்நிறத்தை முதலில் வைப்பது என்பது கணினி தீர்மானிப்பதன்று; அது ஊராட்சியின் தீர்மானம். எவ்வேலைக்கு முதலிடம் என்பதே அதில் அடங்கியுள்ளது.

வரிசைப்படுத்தும்போது நேரக்கூடிய பெருந்தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு கலத்தை மட்டும் தேர்ந்துகொண்டு வரிசைப்படுத்தினால், அக்கலம் மட்டும் இடம் மாறி, ஏனைய கலங்கள் பழைய இடத்திலேயே நிற்கக்கூடும். ஒரு கிணற்றின் நிறம் மற்றொரு கிணற்றின் பெயருக்கு நேரே போய் அமர்ந்துவிடும். எக்ஸெல் இதைப் பற்றி எச்சரித்து, ‘எக்ஸ்பேண்ட் தி செலக்ஷன்’ என்று கேட்கும். அதற்கு இசைவு தர வேண்டும். தொடர் எண் கலம் வைத்ததன் பயனும் இங்கே தெரியும். எத்தனை முறை இடம் மாற்றினாலும், தொடர் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால் பழைய ஒழுங்கு திரும்பிவிடும்.

நிறத்தின் எல்லைகள்

நிறம் நல்ல ஊழியன். ஆனால் சாட்சியாக நிறுத்தத் தக்கதன்று. அதற்குரிய காரணங்கள் பல. கையால் பூசும்போது ஒருவர் அடர்சிவப்பையும் மற்றொருவர் இளஞ்சிவப்பையும் பூசினால், கண்ணுக்கு இரண்டும் சிவப்பே. கணினிக்கு அவை வெவ்வேறு நிறங்கள். ஒன்றை வடித்தால் மற்றது வராது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகும். விரிதாளை நிறமேற்காத ‘சி.எஸ்.வி.’ வடிவில் சேமித்தால் எல்லா நிறமும் நீங்கி எழுத்து மட்டுமே எஞ்சும். ‘கவுன்ட்இஃப்’ போன்ற எண்ணும் சூத்திரங்கள் கட்டத்தின் சொல்லையே பார்க்கும், நிறத்தைப் பார்க்கா. மேலும், சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாத பிறவிக்குறை சிலருக்கு, சிறப்பாக ஆண்களுக்கு, உண்டு. அவர்கள் கூட்டத்தில் அமர்ந்து அதை வெளியே சொல்லாமலும் இருக்கலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது மற்றொன்று. பூசிய நிறத்தின் பொருள் பூசியவர் நெஞ்சில் மட்டும் இருந்தால், அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் பொருளும் அவரோடு சென்றுவிடும். மஞ்சள் என்பது ‘பணம் தராதவர்’ என்பதா, ‘மனு நிலுவை’ என்பதா, ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்பதா என்று அடுத்து வருபவர் எங்ஙனம் அறிவார்? வீட்டுவரிப் பதிவேடாயினும், முதியோர் உதவித்தொகைப் பட்டியலாயினும் இதுவே நிலை. பொருள் தெரியாத மஞ்சளுக்குள் ஒரு மூதாட்டியின் மனு ஆண்டுக்கணக்கில் உறங்கிவிட இடமுண்டு.

ஒரு நிறம் ஒரு கேள்விக்கே விடை கூறும் என்பதையும் மறக்கலாகாது. ஃபுளோரைடுக்குப் பச்சை பெற்ற கிணற்றில் நோய்க்கிருமி இருக்கலாம். உரம் மிகுதியாக இடும் தோட்டங்களை ஒட்டிய கிணற்றில் நைட்ரேட் கூடியிருக்கலாம். அதற்குரிய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஆதலால் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே அளவும் நிலையும் வேண்டும். இரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறையும், கிருமிச் சோதனை ஆண்டுக்கு இருமுறையும் செய்ய வேண்டும் என்பது ஜல் ஜீவன் இயக்கத்தின் நெறி. ஓராண்டைக் கடந்த பச்சையைப் பச்சையாகக் கொள்ளாமல் ‘சோதிக்கவில்லை’ என்றே மாற்றி எழுதுவது முறையாகும்.

வங்கதேசம் கற்பித்த பாடம்

தாளில் அன்றி, கிணற்றின் மேலேயே நிறம் பூசிய நாடு ஒன்றும் உண்டு. வங்கதேசத்தில் குளத்து நீரால் பரவிய நோய்களைத் தவிர்க்க இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அந்நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பது 1990களில் பரவலாகத் தெரியவந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருந்த கிணற்றின் வாய்க்குச் சிவப்பும், குறைந்திருந்ததற்குப் பச்சையும் பூசினர். ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகள் சிவப்புப் பெற்றன.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் எக்கிணற்றை விலக்க வேண்டும் என்று அறிந்தனர். பலர் அண்டை வீட்டுப் பச்சைக் கிணற்றுக்கு மாறினர். நிறத்தின் பெருமை இது. நாளடைவில் வெயிலிலும் மழையிலும் வர்ணம் மங்கியது. பின்னர் தோண்டிய புதிய கிணறுகள் பலவற்றுக்கு எந்த நிறமும் பூசப்படவில்லை. நிறமில்லாத கிணற்றைக் கண்டவர், அது நல்லது என்று எண்ணினாரா, சோதிக்கப்படாதது என்று எண்ணினாரா என்பதை யார் சொல்ல முடியும்? பக்கத்தில் மாற்று நீர் இல்லாத இடங்களில் சிவப்பு பூசிய பின்னும் மக்கள் அதே நீரைப் பருகினர். நிறம் ஆபத்தைச் சுட்டிக்காட்டும். தண்ணீரைக் கொண்டுவந்து தராது. நம் பதிவேட்டில் ‘எடுத்த நடவடிக்கை’ என்னும் ஏழாம் கலம் இதற்காகவே வைக்கப்பட்டது. அக்கலம் காலியாக உள்ள சிவப்பு வரிசை, வேலை தொடங்காத வரிசை.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

தமிழகத்தில் கிராம சபை கூடும் நாள்களுள் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ம் ஒன்றாக 2022இல் சேர்க்கப்பட்டது. அந்நாளில் குடிநீர்ப் பதிவேட்டை நிறப்படி வரிசைப்படுத்தி அச்சிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நற்பயன் தரும். நிறங்களின் பொருளைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். பார்க்க வரும் உறுப்பினரும் விவசாயியும் கணினியைத் தொட வேண்டுவதில்லை. நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, மொத்த ஆதாரங்கள் எத்தனை. நான்கு நிறங்களின் எண்ணிக்கையும் கூட்டினால் அத்தொகை வருகிறதா? நம் எடுத்துக்காட்டில் 3, 4, 5, 12 ஆகியவை சேர்ந்து 24 ஆகின்றன. வராவிடில் ஏதோ ஒரு வரிசை மறைந்துள்ளது என்று பொருள். இரண்டாவது, சாம்பல் எத்தனை. அவற்றைச் சோதிக்க நாள் குறித்தாயிற்றா? மூன்றாவது, ஒவ்வொரு சிவப்புக்கும் எதிரே ஏழாம் கலத்தில் என்ன எழுதியுள்ளது? நான்காவது, புதிதாகத் தோன்றிய குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகள் பதிவேட்டில் ஏறியுள்ளனவா? பதிவேட்டில் இல்லாத கிணற்றுக்கு எந்த நிறமும் கிடையாது. அதை எந்த வடிகட்டியும் பிடிக்காது. அதைக் கண்டு சொல்ல வல்லவர் அத்தெருவில் வாழும் மக்களே.

விவசாயிகள் தம் சொந்தக் கணக்கிலும் இம்முறையைக் கையாளலாம். பசுமைக்குடிலில் மருந்து தெளித்த நாள், மறுமுறை உள்ளே செல்லத்தக்க நாள், மண் ஆய்வின் முடிவு, பால் கூட்டுறவுக்கு ஊற்றிய அளவு ஆகியவற்றைத் தாளில் எழுதி, காரணச் சொல்லை ஒரு கலத்தில் வைத்து, அதற்கேற்ற நிறத்தை ஏற்றினால் தேடும் வேலை குறையும். கைப்பேசியிலேயே விரிதாள் இயங்கும் இந்நாளில் வீட்டிலுள்ள பள்ளி மாணவரின் துணையே இதற்குப் போதுமானது.

அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, உறுப்பினர்களும் நீர் ஆய்வுப் பயிற்சி பெற்ற பெண்களும் தொட்டி இயக்குபவரும் ஒன்றாக அமர்ந்து, தத்தம் ஊராட்சியின் பதிவேட்டில் சாம்பல் நிற வரிசைகளை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவ்வெண்ணிக்கையைக் குறைப்பதிலிருந்து வேலை தொடங்கட்டும்.